பின்னால் வந்த மஞ்சள் வெளிச்சம்

ஜனவரி 10, செவ்வாய்

இன்று விற்ற டார்ச்சுகள் எல்லாம் கறுப்புத் திரைக்குப் பின்னால் விற்றவை. திரைக்கு இந்தப் பக்கம், கடை வெளிச்சத்தில், ஒன்றுகூட இல்லை. வழக்கம்தான்.

ஒரு பெரியவர் வந்தார். "இது எத்தனை கிலோமீட்டர் அடிக்கும்?" என்றார். பேந்தப் பேந்த விழித்தேன். பதில் தெரியாமல் இல்லை. இந்தக் கடையில் டார்ச்சைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், அதுதான் வினை. யாராவது முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான்.

அவரை மெல்ல சோதனை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். அறை என்று பெயர்தான், துணிக்கடையில் உடை மாற்றிப் பார்க்கும் இடத்தைக் கொஞ்சம் நீட்டிவிட்ட மாதிரி இருக்கும். சுவரெல்லாம் கறுப்பு, கடைசியில் ஒரு வெள்ளைத் தாள். திரையை இழுத்துவிட்டதும் எனக்கு மடை திறந்துகொண்டது. பெட்டியில் லூமன் என்று போட்டிருக்கிறார்களே, அது குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்கிற கணக்கு மாதிரி என்றேன். அதைப் பரப்பி விடுவதா, பீய்ச்சி அடிப்பதா என்பது முன்னால் இருக்கிற கிண்ணத்தின் வேலை என்றேன். வாசற்படிக்குப் பரப்புகிறது போதும், தோட்டத்துக்குப் பீய்ச்சுகிறது வேண்டும் என்றேன். பெரியவர் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். வெளியே வந்து நன்றி சொன்னார். பதிலுக்கு நான் தலையை ஆட்டினேன்.

இரவுச் சாப்பாட்டில் அக்கா வழக்கமான பாட்டை ஆரம்பித்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்குமாம். நாற்பத்து மூன்று வயதில் நான் என்ன பிள்ளை? போன மாதம் அவளுடைய தோழி ஒருவர் வீட்டுக்கு வந்து என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். நான் உள்ளே போய் ஒரு டார்ச்சைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டேன். அக்கா அதை இன்னும் மறக்கவில்லை. "நீ குடத்துக்குள்ள வச்ச விளக்குடா. குடத்தையும் மூடி வச்சிருக்கே" என்றாள். அத்தானுக்குச் சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறியது.

ஜனவரி 21, சனி

எதிர்வரிசைக் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கிற அம்மா கடைக்கு வந்தார். தெருவில் எல்லோரும் அவரைக் கண்ணாடி மேடம் என்பார்கள். நெற்றியில் பட்டையோடு கட்டிக்கொள்கிற தலை டார்ச் வேண்டும் என்றார். ஞாயிறுதோறும் விடிவதற்கு முன் குன்று ஏறுகிற குழு ஒன்று இருக்கிறதாம்.

திரைக்குள் போனதும் மற்றவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். இவர் சொந்த வீட்டுக்குள் நுழைவது போல நுழைந்தார். "எனக்கும் இதே மாதிரி ஒரு ரூம் இருக்கு" என்றார். அப்புறம் நான் பேசினேன். என்னவெல்லாம் பேசினேன்! வெள்ளை வெளிச்சத்தில் கல்லும் குழியும் பளிச்சென்று தெரியும், மஞ்சளில் எல்லாம் மங்கலாகத்தான் இருக்கும், வெள்ளையே வாங்குங்கள் என்று தாளில் மாற்றி மாற்றி அடித்துக் காட்டினேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மஞ்சளை எடுத்தார். "நாள் முழுக்க அடுத்தவங்க கண்ணுக்குள்ள வெள்ளையா அடிக்கிறேன். ஞாயித்துக்கிழமையாவது மஞ்சளா இருக்கட்டும்."

மஞ்சளில் அந்த ஒன்றுதான் இருந்தது. யாரும் கேட்காமல் பெட்டியில் தூசி படிந்து கிடந்தது. வெளியே வந்து பணம் கட்டும்போது, "லைட் விக்கிறவர் இருட்டுல நடக்க மாட்டீங்களா? வாங்களேன்" என்றார். வெளிச்சத்தில் கேட்டுவிட்டார். தலையை ஆட்டினேன். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 29, ஞாயிறு

மேலும் கீழும்தான் ஆட்டியிருக்கிறேன் போல. இன்று குன்று ஏறினேன்.

குழுவுக்குத் தலைவர் பட்டாளத்தார். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் அதிகாலையில் அதட்டுகிற பழக்கம் போகவில்லை. கிளம்புமுன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரே ஒரு விதி சொன்னார். தலை டார்ச் போட்டிருக்கிறவன் எங்கே பார்க்கிறானோ அங்கே வெளிச்சம் அடிக்கும். பேசுகிறவன் முகத்தைப் பார்த்தால் அவன் கண் அவிந்துவிடும், கால் இடறும். ஆகவே யார் பேசினாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பாதையைப் பார்த்துக்கொண்டே பேசு, பாதையைப் பார்த்துக்கொண்டே கேள்.

இப்படி ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்று இத்தனை வருடம் எனக்கு யாருமே சொல்லவில்லையே?

அடிவாரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை பேசிக்கொண்டே ஏறினேன். எனக்குப் பின்னால் கண்ணாடி மேடம். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, அவருடைய மஞ்சள் வெளிச்சம் என் காலடியில் விழுந்துகொண்டே வந்தது. அவர் சிரித்தால் வெளிச்சம் லேசாகக் குலுங்கும்.

உச்சியில் விடிந்தது. எல்லோரும் டார்ச்சை அணைத்தார்கள். நானும் அணைந்தேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

குழுவில் பாதிப்பேர் இப்போது என்னிடம்தான் டார்ச் வாங்குகிறார்கள். எனக்கு லைட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இருட்டில் ஆள் முகம் தெரிவதில்லை, வெளிச்சம்தான் தெரியும். எனக்கு அது போதும். இடமும் வலமும் ஆடிக்கொண்டே வந்தால் பேக்கரிக்காரர். நீலம் கலந்து கண்ணில் குத்தினால் பட்டாளத்தார். அவர் அதை நடைபாதையில் மலிவாக வாங்கினார். பாட்டரி பாதி வழியில் படுத்துவிடும் என்று போன வாரமும் சொன்னேன், இன்றும் சொன்னேன். பட்டாளத்தில் இதைவிட மோசமானதை வைத்துச் சமாளித்தாராம். மஞ்சள் என்றால் ஒரே ஆள்தான். அதில் எனக்குச் சந்தேகமே வராது.

பிப்ரவரி 12, ஞாயிறு

இன்று கண்ணாடி மேடம் தன்னைப் பற்றிச் சொன்னார். கணவர் பிரிந்து போய் வெகுகாலம் ஆயிற்றாம். அதைச் சொன்னபோது குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. அப்புறம், "ஒண்ணே ஒண்ணுதாங்க குறை. சண்டை போட ஆளில்லை. வீடு ரொம்ப அமைதியா இருக்கு" என்றார்.

"என் அக்காவை வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்" என்றேன். மஞ்சள் வெளிச்சம் குலுங்கு குலுங்கென்று குலுங்கியது. சிரிக்க வைத்துவிட்டேன். நானா!

பிப்ரவரி 15, புதன்

மத்தியானம் தெருவில் கண்ணாடி மேடம் எதிரே வந்தார். நின்றார். "என்ன லைட்டு, பகல்ல பார்த்தா பேசவே மாட்டேங்கிறீங்க?" என்றார். நானும் நின்றேன். உலகத்தில் இருக்கிற சொற்களையெல்லாம் தேடி, "சார்ஜ் போட்டுட்டீங்களா?" என்றேன். போட்டுவிட்டாராம். போய்விட்டார்.

சார்ஜ் போட்டுட்டீங்களாவாம். என்னையெல்லாம் எதால் அடிப்பது?

பிப்ரவரி 26, ஞாயிறு

ஒன்று கவனித்தேன். போன மாதம் உச்சிக்குப் போன பிறகுதான் விடிந்தது. இன்று தண்ணீர்த் தொட்டிக்குக் கொஞ்சம் மேலேயே ஒவ்வொருவராக டார்ச்சை அணைத்துவிட்டார்கள். வானம் வெளுத்துவிட்டது. பட்டாளத்தார், "இனிமே சீக்கிரம் விடியும். இன்னும் கொஞ்ச வாரத்துல டார்ச்சே வேணாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஊரே சந்தோஷப்படுகிறது. விடிகிறதே என்று வருத்தப்படுகிறவன் நானும் திருடனும்தான்.

டார்ச் இல்லாவிட்டால் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவார். நான் சார்ஜ் போட்டுட்டீங்களா என்பேன். அதோடு முடிந்தது. அவரிடம் கேட்க வேண்டியதை இருட்டு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

கேட்க வேண்டியது என்ன? — எனக்குத் தெரியாதா என்ன. எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்க வேண்டும். எழுதிவிட்டேன்.

மார்ச் 3, வெள்ளி

சோதனை அறையில் திரையை இழுத்துவிட்டு வெள்ளைத் தாளிடம் ஒத்திகை பார்த்தேன். நன்றாக வந்தது. மூன்றாம் முறை எனக்கே கண் கலங்கியது. வெளியே வந்தால் முதலாளி நிற்கிறார். திரைக்கு வெளியே கேட்டிருக்கிறது. சொற்கள் புரியவில்லை போல. "வாடிக்கையாளர்கிட்ட இப்படித்தான் மனசைத் தொட்டுப் பேசணும்" என்று தோளைத் தட்டினார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

மார்ச் 5, ஞாயிறு

ஐயோ.

ஐயோ ஐயோ. எப்படி எழுதுவது? நடந்தபடியே எழுதுகிறேன்.

பாதி வழியில் கல் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்போம். நான் உட்காரவில்லை. பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றிருந்தேன். வரிசை மறுபடி கிளம்பியது. மஞ்சள் வெளிச்சம் வந்து என் காலடியில் விழுந்தது. நடக்க ஆரம்பித்தேன். வளைவு தாண்டினால் மேட்டில் வானம் தெரியும், அதற்குள் சொல்லியாக வேண்டும். பாதையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"நான் வெளிச்சத்துல பேச வராதவன். அது உங்களுக்கே தெரியும். ஆனா உங்க வெளிச்சம் பின்னால வந்தா மட்டும் எனக்குப் பேச்சு வருது. ஞாயித்துக்கிழமை மட்டும் பேசுறது எனக்குப் போதலை. மிச்ச நாளும் பேசணும், மிச்ச காலமும் பேசணும்னு ஆசை. சமைப்பேன். துணி துவைப்பேன். சண்டை போடத் தெரியாது, கத்துக்கறேன். என்னைக் கட்டிக்கச் சம்மதமா?"

சொல்லிவிட்டேன்! பின்னால் வெளிச்சம் நகராமல் நின்றது. பிறகு ஒரு இருமல். தடித்த இருமல். மீசை வைத்த இருமல்.

"தம்பி, எனக்கு அறுபத்தெட்டு வயசாச்சு. எதுக்கும் வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்."

விதியை மீறித் திரும்பினேன். என் வெளிச்சம் முழுக்கப் பட்டாளத்தார் முகத்தில் அடித்தது. அவர் நெற்றியில் கண்ணாடி மேடத்தின் மஞ்சள் டார்ச். அவருடைய நடைபாதை டார்ச் பெஞ்சில் படுத்துவிட்டதாம். அந்தம்மா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் பேக்கரிக்காரரின் வெளிச்சத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறாராம். "முதல்லயே தடுத்திருப்பேன்பா. இவ்வளவு நல்லா பேசறியே, நிறுத்த மனசு வரலை" என்றார்.

கால் வலி என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே இறங்கிவிட்டேன். இறங்கும்போது கடைசியில் ஆடிக்கொண்டே வந்த வெளிச்சத்தையும், அதற்குப் பக்கத்தில் வெளிச்சம் இல்லாமல் வந்தவரையும் கடந்தேன். "என்ன லைட்டு, என்னாச்சு?" என்று கேட்டார். ஓடினேன்.

மார்ச் 6, திங்கள்

விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்தவன் என்பார்கள். நான் விழுந்த கிணற்றை நானே விற்றிருக்கிறேன், பில்லும் போட்டிருக்கிறேன்.

மார்ச் 12, ஞாயிறு

குன்றுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றேன். அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஜில்லுனு இருக்கு" என்றாள். உள்காய்ச்சல் என்றேன். என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "யாருடா அவ?" என்றாள். எப்படித்தான் தெரிகிறதோ! அறை விளக்கை அணைக்கச் சொன்னேன். அணைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பட்டாளத்தார் சொன்ன பதிலுக்கு வந்ததும் இருட்டில் கட்டில் ஆட ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிக்கிறாள். ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "அவ காதுக்கு அது போய்ச் சேரலையேடா" என்றாள். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

ஆமாம். சேரவில்லை. அதுதான் வலிக்கிறது. மானம் போனதுகூடப் பெரிதில்லை. அவ்வளவையும் சொல்லித் தீர்த்தேன், கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல இனி இருட்டும் இல்லை, தைரியமும் இல்லை.

மார்ச் 14, செவ்வாய்

பட்டாளத்தார் கடைக்கு வந்தார். நேராகத் திரைக்குள் போய் நின்றுகொண்டு, என்னைக் கூப்பிட்டார். திரையை இழுத்துவிட்டார். நல்ல மனிதர்.

"வீட்டுல கேட்டேன்" என்றார். "வேணாம்னுட்டா."

அவர் மனைவிக்குச் சிரிப்பு நிற்க ஒரு நாள் பிடித்ததாம். அதோடு நிற்கவில்லை. நேற்றுக் காலையிலேயே கண்ணாடி மாற்ற வேண்டும் என்று கிளம்பிப் போனாராம். போன வருடம்தான் மாற்றினாராம். எந்தக் கடைக்கு என்று கேட்டேன். இந்த ஊரில் எத்தனை கண்ணாடிக்கடை இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்.

கடைசியில் ஒரு நல்ல டார்ச்சும் வாங்கிக்கொண்டார். பாட்டரி நீடித்து உழைக்குமா என்று என்னைக் கேட்டார். இப்போது கேட்டு என்ன பிரயோஜனம்?

மார்ச் 16, வியாழன்

முதலாளி கூப்பிட்டார். "எதிர்க்கடை மேடம் போன் பண்ணாங்க. உனக்குக் கண்ணு ரொம்ப மோசமா இருக்காமே. ஆளையே அடையாளம் தெரியலையாமே. உடனே டெஸ்டுக்கு வரச் சொன்னாங்க" என்றார். வியாபாரத்தில் கண் முக்கியம் என்று அனுமதியும் கொடுத்தார்.

போனேன். போகாமல் எங்கே ஒளிவது? தெருவைத்தான் தாண்ட வேண்டும்.

அவருடைய அறையும் இருட்டுதான். ஆனால் தப்பான இருட்டு. அவர் இருட்டில் இருக்கிறார், என் முகத்தில் மட்டும் வெளிச்சம். தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொன்னார், நெற்றியை ஒரு பட்டையில் ஒட்டச் சொன்னார். அசைய முடியாது. கண்ணுக்குள் வெள்ளையாக அடித்தார். "மேல பாருங்க. கீழ பாருங்க. என் காதைப் பாருங்க." பார்த்தேன். அழகான காது. நாக்கு ஒட்டிக்கொண்டது.

பிறகு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். படித்தேன், கடைசி வரி வரைக்கும். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். கருவியைத் தள்ளி வைத்தார்.

"பட்டாளத்தார்கிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லக்கூடாதா?"

சொல்ல வாயைத் திறந்தேன். காற்று வந்தது. மேஜை விளக்கைக் காட்டினேன், அணையுங்கள் என்று கையால் கெஞ்சினேன். அவர் அணைக்கவில்லை.

"இருட்டுதானே வேணும்? கண்ணை மூடிக்கோங்க. அது யார்கிட்டயும் கேட்டு வாங்க வேண்டியதில்லையே" என்றார்.

மூடிக்கொண்டேன். அட! அத்தனை இருட்டும் அங்கேயே இருந்தது. ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை, வேறு ஏதேதோ வந்தது. அவர் சிரித்தால் வெளிச்சம் குலுங்குவதைச் சொன்னேன். விடிவதைப் பார்த்து நான் மட்டும் வருத்தப்படுவதைச் சொன்னேன். தெருவில் சார்ஜ் போட்டுட்டீங்களா என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

கண்ணைத் திறக்கப் பயம். அப்புறம் அவர் குரல் வந்தது.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்."

போச்சு, இவரும் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். எழுந்துவிடலாம் என்று நாற்காலியின் கையைப் பிடித்தேன்.

"எங்க வீட்டுல நான் ஒருத்திதான்" என்றார். "கேட்டுட்டேன். சரின்னுட்டா."

கண்ணைத் திறந்தேன். எதிரே அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவருகே அடுத்துப் பரிசோதனைக்கு வந்த ஒரு அம்மா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 17, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். விளக்கை அணைக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். திறந்து பார்த்தால் அத்தானைக் காணோம். பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டாராம்.

ஏப்ரல் 16, ஞாயிறு

குன்றில் இப்போது டார்ச்சே தேவையில்லை. பட்டாளத்தார் மட்டும் புது டார்ச்சைக் கட்டிக்கொண்டு வருகிறார், பகல் வெளிச்சத்திலும் எரிகிறது. வளைவு வந்ததும் எல்லோரையும் நிறுத்தி, "இந்த இடத்துலதான் என்னைப் பொண்ணு கேட்டாங்க" என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு நடந்து ஒரு கல்லில் இடறினேன்.

ஜூன் 18, ஞாயிறு

கல்யாணமாகி நாங்கள் குடிவந்த புது வீட்டுக் கூடத்துக்கு நிரந்தரமாக ஒரு விளக்கு மாட்ட வேண்டும். இந்தத் துறையில் இத்தனை வருடம் இருக்கிறவன் நான். வெள்ளைதான் வேண்டும் என்றேன். அவள் மஞ்சள் என்றாள். படிக்க, எழுத, விழுந்த ஊசியைத் தேட வெள்ளைதான் சரி என்றேன். கூடத்தில் ஊசி தேடுகிறவன் யார் என்றாள். நான் விடவில்லை. எதிரே போய் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, கையை நீட்டி, லூமன் கணக்கிலிருந்து ஆரம்பித்தேன். அவளும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு விட்டேனா பார் என்று நின்றாள். எனக்குக் குரல்கூட உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வீட்டைப் பார்க்க வந்திருந்த அக்கா சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில், மெதுவாக, "டேய்" என்றாள். "லைட் எரியுதுடா."

அண்ணாந்து பார்த்தேன். பழைய டியூப் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் இடுப்பிலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்தாள். எந்த இடத்தில் விட்டேனோ அந்த இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

சாயங்காலம் மஞ்சள்தான் மாட்டினோம்.